ஊர் காண வந்த தம்பதியர்

லிந்துலைக் கடைவீதி பெரியதன்று. தலவாக்கலையிலிருந்து நானுஓயாவை நோக்கி ஏறும் மலைப்பாதையில் சில வளைவுகளைக் கடந்ததும் தோன்றும். நன்றாகப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். நுவரெலியாவுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் இங்கே இறங்குவது அபூர்வம். இரு மருங்கும் விரிந்த தேயிலைப் பசுமையை வண்டியில் இருந்தபடியே படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பசுமைக்கிடையே கூடை சுமந்து நிற்கும் பெண்களும் அப்படத்தில் விழுவார்கள்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாட் காலை, மூடுபனி இன்னும் முற்றும் விலகாத வேளையில், நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையின் முன் வாடகை வண்டியொன்று வந்து நின்றது. அதிலிருந்து மேனாட்டு முதியவர் ஒருவர் இறங்கினார். பின்னர் மறுபுறம் சென்று, கதவைத் திறந்து, தம் மனைவியாரைக் கைகொடுத்து இறக்கினார். அம்மையாரின் முகம் வெளிறியிருந்தது. ஹற்றனிலிருந்து ஏறிவந்த வளைவுகள் அவருக்குத் தலைசுற்றலைத் தந்துவிட்டன. கடைக்காரர் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீரை, கேளாமலே கொண்டுவந்து வைத்தார்.

தேநீர் உள்ளே சென்றதும் பேச்சு வெளியே வந்தது. இருவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. அவர் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையார் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை ஆளாக்கி, பேரப்பிள்ளைகளையும் கண்டாயிற்று. தங்கள் திருச்சபையின் பணிக்காக ஓராண்டு கொழும்பில் தங்கியிருக்கிறார்கள். ஓய்வாகக் கிடைத்த நான்கு நாட்களில் மலைநாட்டைக் கண்டுவரப் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சபையினர் என்பது இங்கே நமக்கு வேண்டுவதில்லை.

"தாங்கள் இருவரும் என்னென்ன பணிகள் செய்கிறீர்கள்?" என்று வினவினோம்.

வீடுகளுக்குச் செல்வது, இளைஞர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது, நோயாளரைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது என்று கணவர் அடுக்கிக்கொண்டே போனார். அம்மையார் குறுக்கிடாமல் கேட்டிருந்துவிட்டு, "இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைப்பது என் பணி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

கடையின் மூலையில், காலை வெயிலுக்காகக் காத்துக் கம்பளியைப் போர்த்தி அமர்ந்திருந்தார் ஒரு பாட்டி. நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். பேச்சு முழுவதையும் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தவர், நம்மை அருகே அழைத்தார்.

"ஏன் தம்பி, இந்தத் தொரையும் அம்மாவும் இந்த வயசுல புள்ளைகளை விட்டுட்டு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க?"

ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்றோம். சம்பளம் உண்டா என்று கேட்டார். இல்லை, தங்கள் கைப்பணத்தைச் செலவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்றோம். பாட்டி மூக்கின்மேல் விரலை வைத்தார். சற்றுப் பொறுத்துக் கேட்டார்:

"அப்ப, ஊர் பார்க்க வந்தாங்களா, ஊழியம் பார்க்க வந்தாங்களா?"

கேள்வி எளிது. விடை அவ்வளவு எளிதாக நமக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை.

இரட்டைக் கட்டு மூட்டை

வயது முதிர்ந்த தம்பதியர் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது நமக்குப் புதிய செய்தியன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றவர்கள் வழியில் ஊர்களைக் கண்டார்கள், சத்திரங்களில் உண்டார்கள், திரும்பி வந்து கதை கதையாய்ச் சொன்னார்கள். புண்ணியத்தையும் வேடிக்கையையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு போனவர்கள் நம் முன்னோர். அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. ஆனால் அவர்கள் சென்றது தங்கள் வினை தீர. பிறர் வினை தீர்க்கப் புறப்படுவது வேறு.

அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை, இவ்வாறு முதிய தம்பதியரை அனுப்புவதை ஓர் ஒழுங்காகவே வைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் 6 மாதம் முதல் 23 மாதம் வரை, சொந்தச் செலவில், சில வேளை அயல்நாட்டு நகரொன்றில் பணிபுரிகிறார்கள். வேலை ஒழிந்த வேளையில் அந்நகரைச் சுற்றிப் பார்க்கவும் தடையில்லை. இளைஞர்கள் கால்நடையாக வீடு வீடாய்ச் செல்ல, முதியவர்கள் அலுவலகத்தையும் அடுக்களையையும் அன்பையும் கவனித்துக்கொள்வது அங்கு வழக்கமாம்.

நம் நாட்டில் இவ்வகையினருக்கு முன்னோடிகள் இருந்தனர். ஆனால் அவர்கள் இளமையிலேயே வந்தவர்கள். இங்கேயே முதுமை எய்தியவர்கள். 1819ஆம் ஆண்டில் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட "இன்டஸ்" என்னும் பாய்க்கப்பலில் வந்த லீவை ஸ்போல்டிங், மேரி தம்பதியர் அவர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, உடுவில் பெண்கள் பாடசாலையைப் பேணி, அவர் 1873இலும் அம்மையார் மறு ஆண்டிலும் கண்மூடினர். அவர்களுக்கு அந்நிய நகரம் என்பது நாளடைவில் இல்லாமலே போயிற்று.

பாட்டியின் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. ஊர் காண்பதும் ஊழியமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் உதாரணம் வேண்டுமானால், இந்த மலைப்பாதைக்கே மறுபடியும் வரவேண்டும்.

1927 நவம்பர்

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கிய ஒரு தம்பதியருக்கு வயது ஐம்பத்தெட்டு. கணவர் அவ்வாண்டின் தொடக்கத்தில் கடுமையாக நோயுற்று, மைசூர் இராச்சியத்து நந்தி மலையில் ஓய்வு கொண்டு எழுந்தவர். மனைவி அவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். மணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகி இருந்தன. காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும்தாம் அவர்கள்.

யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் இங்கு வந்தார். வந்த நோக்கம் கதர் நிதி திரட்டுவது. தாம் ஏழை நாராயணனுக்காகப் பிச்சை எடுக்க வந்தவர் என்று அவர் செல்லுமிடமெல்லாம் ஒளியாமல் சொன்னார். பதினேழு, பதினெட்டு நாட்களில் கொழும்பு, கண்டி, பதுளை, நுவரெலியா, ஹற்றன், காலி, யாழ்ப்பாணம் என்று தீவைச் சுற்றிவந்து, இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நிதியோடு அம்மாத இறுதியில் விடைபெற்றார். நுவரெலியாவிலிருந்து ஹற்றனுக்குச் சாலை வழியே செல்லும் எவரும் லிந்துலையைத் தாண்டித்தான் செல்லவேண்டும் என்பதை, ஊர்ப்பற்றுக் காரணமாக ஈண்டு குறித்துவைக்கிறோம்.

ஊர் காண்பதில் காந்தியடிகளுக்கு ஆசையே இருந்ததில்லை என்று எண்ணவேண்டா. இலண்டனில் மாணவராக இருந்த காலத்தில் பாரிசுக்குப் போய், அப்போதுதான் எழுந்து நின்ற ஈபெல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறியவர் அவர். உயரத்தில் உண்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே அங்கிருந்த உணவுச்சாலையில் ஏழு ஷில்லிங்கைத் தொலைத்ததாகத் தம் சத்திய சோதனையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவ்விளைஞருக்குத் துணைவியார் அருகில் இல்லை. கத்தியவாரில் குழந்தையோடு இருந்தார். பின்னாளில் 1914 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து இலண்டனுக்கு வந்து சேர்ந்தபோது ஐரோப்பிய யுத்தம் மூண்டு இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. காயம்பட்டவருக்கு உதவும் படையொன்றைத் திரட்டுவதிலும், பின் நோயில் வீழ்வதிலும் அவருக்கு அந்நான்கு மாதங்களும் கழிந்தன. உலகத்தின் தலைநகரம் என்று அந்நாளில் போற்றப்பட்ட இலண்டனைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு பொழுது கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இலங்கையிலும் அதே கதைதான். கூட்டம், வரவேற்புப் பத்திரம், பணமுடிப்பு, பிரார்த்தனை, இராட்டை, மறுபடியும் கூட்டம். பௌத்த கலாசாலைகள், கிறிஸ்தவ வாலிபர் சங்கம், சாகிராக் கல்லூரி, காலி மகிந்தாக் கல்லூரி என்று எல்லாச் சமயத்தாரும் அழைத்தார்கள். மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர் முன் நின்று மதுவை விடுமாறு வேண்டினார். இத்தனைக்கும் நடுவே வழியோரத்து மலைகளின் அழகை அவர் காணாமற் போகவில்லை. இத்தீவின் எழிலைப் பற்றி மனமுருகிப் பேசியும் இருக்கிறார். ஆனால் அது கண்ணை மூடாதவன் கண்ணில் பட்ட அழகு; தேடிப்போன அழகன்று.

மனைவியா, அன்னையா?

அப்பிரயாணத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் கூட்டங்களையும் முடிப்புகளையும்விட நீடித்து நிற்கிறது. இங்குள்ள அன்பர் ஒருவர் கஸ்தூரிபா அம்மையாரைக் கண்டு, காந்தியடிகளின் தாயார் என்று எண்ணிவிட்டார். பின்னர் ஒரு பொதுக்கூட்டத்துக்கு அம்மையார் வராதபோது, "தாயார் ஏன் வரவில்லை?" என்னும் கேள்வியும் எழுந்தது. கூட்டத்தினர் நாணும்படியான பிழைதான். காந்தியடிகள் அதைத் தமக்கே உரிய முறையில் எடுத்துக்கொண்டார். அப்பிழை மன்னிக்கத்தக்கது மட்டுமன்று, இனியதும்கூட என்றார். தாம் தாயை இழந்து நெடுங்காலமாயிற்று என்றும், பல்லாண்டுகளாக அவ்விடத்தை நிரப்பிவருபவர் அம்மையாரே என்றும் சொன்னார். தோழி, தாதி, சமையற்காரி, பாத்திரம் கழுவுபவள் என்று அவருடைய பதவிகளை எல்லாம் வரிசையாக எடுத்துரைத்தார். புகழ் நிறைந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மையார் கூடவே வந்துவிட்டால் தமக்கு உணவுமில்லை, துவைத்த துணியுமில்லை. ஆகவே மரியாதைகள் எல்லாம் தமக்கு, உழைப்பெல்லாம் அவருக்கு என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லி முடித்தார்.

சபை சிரித்து மகிழ்ந்திருக்கும். இன்று அதை வாசிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு கூச்சமும் உடன் வருகிறது. அவ்வொப்பந்தத்தில் மற்றவரின் கையெழுத்து எங்கே? தம் மனைவிக்கு நேர்ந்த அநீதிகளைத் தாமே நூலில் எழுதி உலகறியச் செய்த மனிதர் அவர். ஆகையால் இதை மறைத்துப் பேசவில்லை, வெளிப்படையாகவே பேசினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் அம்மையார் அக்கூட்டத்தில் இருந்து மறுமொழி சொல்லியிருந்தால், அதுவே அன்றைய சிறந்த பேச்சாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

மறுமொழி சொல்லத் தெரியாதவர் அல்லர் அவர். 1901ஆம் ஆண்டில் நேற்றால் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது, அன்பளிப்பாக வந்த நகைகளைப் பொது நிதிக்குக் கொடுத்துவிடக் கணவர் தீர்மானித்தார். அவற்றுள் ஐம்பது கினி பெறுமதியான பொன் மாலையொன்று அம்மையாருக்கென்றே வந்தது. "என் நகைகளை ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள். வரப்போகும் மருமகள்மாருக்கு என்ன செய்வேன்? உமக்குச் செய்த சேவை எனக்கும் செய்ததாகாதா? நான் இரவும் பகலும் உமக்காக உழைக்கவில்லையா?" என்ற பொருள்பட அவர் வாதாடியதைக் கணவரே பதிவு செய்திருக்கிறார். இறுதியில் மாலை நிதிக்குப் போயிற்று. ஆனால் அந்த வாதத்துக்கு நேரான விடையை நாம் இன்னும் கண்டதில்லை.

அவரும் இந்த மலைகளும்

இலங்கை மலைநாட்டில் அம்மையாருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வேறெந்த உல்லாசப் பிரயாணிக்கும் தெரிந்திராதது. 1913ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில், இந்திய முறைப்படி செய்த விவாகங்கள் செல்லாவென்ற தீர்ப்பையும் மூன்று பவுன் தலைவரியையும் எதிர்த்து எழுந்த சத்தியாக்கிரகத்தில் அவர் சிறை சென்றார். கடுங்காவல் மூன்று மாதம், மாரிட்ஸ்பர்க் சிறை. அதே சிறைக்கு நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டிய தமிழ்ப் பெண்களும் வந்து சேர்ந்தனர். கைக்குழந்தையோடு சிறைக்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். சிறையில் கண்ட காய்ச்சலால் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையும் அப்போராட்டத்தின் பிள்ளையே.

நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவர்களும், இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்களும் ஒரே மண்ணின் மக்கள். ஒரே பஞ்சம் இரு திசையிலும் துரத்தியவர்கள். ஆகவே கூடையைத் தலையில் மாட்டி, படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பாதையோரம் நின்ற பெண்களைக் கண்டபோது, கஸ்தூரிபா அம்மையாருக்கு அவர்கள் காட்சியின் ஒரு பகுதியாகத் தோன்றியிருக்க மாட்டார்கள். சிறையில் ஒரே கஞ்சியைக் குடித்தவர்களின் தங்கைமாராகவே தோன்றியிருப்பார்கள். நாம் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் பாதையில் நின்று பார்த்தவர்களுக்கும் அவரைப் பார்ப்பதில் அத்தகைய நெருக்கம் உண்டாகியிருக்கும். கரையிட்ட வெள்ளைக் கதர்ச்சேலை, நகையில்லாத கழுத்து, வேலை செய்து காய்த்த கை. துரைசானிகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதுமை.

வள்ளியம்மை இறந்தது 1914 பெப்ரவரி 22. கஸ்தூரிபா அம்மையார் சிறைக்காவலிலேயே இறந்தது 1944 பெப்ரவரி 22. முப்பது ஆண்டு இடைவெளியில் அதே தேதி.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். காந்தியடிகள் கொழும்பில் இறங்கிய அதே வாரத்தில் இலங்கைக்கு வேறு சில விருந்தினரும் வந்து சேர்ந்தனர். டொனமூர் பிரபுவின் தலைமையில் அரசியற் சீர்திருத்தத்தை ஆராய வந்த நால்வர் குழுவே அது. அவர்களும் ஊர் சுற்றினார்கள், சாட்சியங்களைக் கேட்டார்கள், தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை தகுமா, தகாதா என்று வாதிட்டவர்களையெல்லாம் பொறுமையோடு செவிமடுத்தார்கள். வயது வந்த ஆண், பெண் யாவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்னும் அவர்களுடைய சிபாரிசு 1931இல் நடைமுறைக்கு வந்தபோது, நிபந்தனைகளோடேனும் தோட்டத்துப் பெண்ணும் வாக்குச்சாவடிக்கு நடந்தாள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் அந்நடை நின்றுபோனதும், அதை மீட்கப் பல பத்தாண்டுகள் சென்றதும் இம்மலையில் யாவரும் அறிந்த செய்தி.

தங்கிவிட்ட தம்பதியர்

பதினெட்டு நாட்களில் திரும்பியவர்களைப் பற்றிச் சொன்ன நாம், வந்து திரும்பாதவர்களைச் சொல்லாமல் விட்டால் மலைநாடு நம்மை மன்னியாது.

தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசையர் முதன்முதல் இலங்கைக்கு வந்தது வர்த்தகர்களின் விருந்தினராகவே. கொழும்பில் மாலை மரியாதைகள் பெற்று, கண்டியைக் கண்டுகளித்து, கப்பலேறித் திரும்பியிருக்கலாம். தோட்டங்களில் தமிழ் மக்கள் படும்பாடு பற்றி அவர் காதில் விழுந்தது. பார்க்க விரும்பினார். ஆனால் அக்காலத்தில் தோட்டம் என்பது துரையின் தனி இராச்சியம். அனுமதியின்றிப் புகுந்தால் அத்துமீறல் குற்றம். புடவை மூட்டை சுமந்து விற்பவனுக்கு மட்டும் லயத்து வாசல் திறந்திருந்தது. ஐயர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு மூட்டையோடு உள்ளே போனார் என்பது மலையகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஊர் காண்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு!

அவர் மறுபடியும் வந்தார், தங்கிவிட்டார். "தேசநேசன்", "தேசபக்தன்" பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குச் சென்றார். அவருடைய வரலாற்றைச் சாரல் நாடன் விரிவாக எழுதியிருக்கிறார்; அறிய விரும்பும் அன்பர்கள் அந்நூலைத் தேடி வாசிக்கலாம்.

நம் கண் நாடுவது அவர் அருகில் நின்ற மீனாட்சியம்மையை. ஐயர் பேச்சாளர், அம்மையார் பாடகி. வேலை முடிந்து களைத்து வரும் மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் வருவார்களா? கங்காணி பார்த்துவிடுவான், துரைக்குச் செய்தி போகும், வேலை போய்விடும். ஆனால் பாட்டுக் கேட்டால் கால் தானே நிற்கும். அந்நாளில் எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுக்களில் மக்களின் துயரத்தையும் உரிமையையும் அமைத்து அம்மையார் பாடுவார்; கூட்டம் கூடியதும் ஐயர் எழுவார். "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்னும் பெயரில் 1940ஆம் ஆண்டளவில் அப்பாடல்கள் நூலாகவும் வெளிவந்தன. பத்திரிகை வேலையிலும் அவர் கை உண்டு.

கஸ்தூரிபா அம்மையாரின் பங்கு மேடைக்குப் பின்னால். மீனாட்சியம்மையின் பங்கு மேடைக்கு முன்னால். ஆயினும் மலைநாட்டுப் பாடசாலைப் பிள்ளையைக் கேட்டால் ஐயரின் பெயரை ஒருவேளை சொல்லும். அம்மையாரின் பெயரைச் சொல்லுவது அருமை.

பெரிய புராணத்தில் இளையான்குடி மாற நாயனார் கதையை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. நள்ளிரவு, மழை, வாசலில் அடியவர். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. என் செய்வோம் என்று நாயனார் திகைத்து நிற்க, பகலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் அமுதாக்கலாம் என்று வழி சொன்னவர் அவர் மனைவியார். நாயனார் கூரையை அறுத்து விறகு தர, கொல்லையிற் பறித்த குழி நிரம்பாத கீரையைப் பலவகைக் கறியாக்கியதும் அவரே. அறுபத்துமூவர் வரிசையில் நிற்பவர் மாறனார். அம்மையாருக்குப் பெயரில்லை.

கடையில் நிகழ்ந்தது

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். அம்மையாரின் தலைசுற்றல் தணிந்திருந்தது. பாட்டி தம் கம்பளியில் ஒரு பக்கத்தை விரித்து, பக்கத்தில் உட்காரும்படி சைகை காட்டினார். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. ஆனால் பிள்ளைகள் எத்தனை என்று விரலால் கேட்கலாம், விரலாலேயே சொல்லலாம். பாட்டிக்கு ஆறு, அதில் ஒன்றை மடக்கிக் காட்டினார். அம்மையார் நான்கு விரல்களைக் காட்டி, அவரும் ஒன்றை மடக்கினார். பிறகு சிறிது நேரம் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியின் கைவிரல்களை, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்த அந்நுனிகளை, அம்மையார் தம் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

கணவர் இதற்குள் தம் கைபேசியைக் கொண்டுவந்து, வழியில் எடுத்த படங்களை நமக்குக் காட்டத் தொடங்கினார். தலவாக்கலைக்கு அப்பால் பாதையிலிருந்தே தெரியும் சென். கிளயர் அருவி. மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பின் அதில் நீர் அளந்தே விடப்படுகிறது; எனினும் அன்று காலை, பனித்திரையின் நடுவே வெண்பட்டுப் போல் அது படத்தில் விழுந்திருந்தது.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று அம்மையாரைக் கேட்டோம்.

"நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றார் அவர்.

பாட்டி எட்டிப் பார்த்தார். என்ன இடம் என்று கேட்டார். சொன்னோம். அந்த அருவிக்கு மேலுள்ள மலையில்தான் பதினான்கு வயதிலிருந்து கொழுந்தெடுத்தவர் அவர். இரைச்சலை நாள்தோறும் கேட்டிருக்கிறார். வெயில் காலத்தில் இரைச்சல் குறைந்தால் கொழுந்தும் குறையும், பேரும் அரைப்பேராகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எதிரே பாதையில் நின்று, முகத்துக்கு முகமாய் அதைப் பார்க்க ஒருநாளும் வாய்த்ததில்லையாம். கொழுந்து நிறை போட நேரமாகிவிடும், பிறகு விறகு, பிறகு பிள்ளைகள்.

கைபேசியை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்து, தூரத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். அம்மையாரும் அவர் தோளின்மேல் சாய்ந்து முதன்முறையாக அதைப் பார்த்தார்.

"இதுதானா தம்பி அது? கீழே நின்னு பார்த்தா நல்லாத்தான் இருந்திருக்கு."

வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார். நுவரெலியாவில் அறைக்குப் பதிவு செய்த நேரம் ஆகிவிட்டதாம். கணவர் எழுந்தார். அம்மையார் எழவில்லை, இன்னும் ஒரு தேநீர் வேண்டும் என்று கடைக்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினார்.